வீட்டுக்கு வயது 31, எனக்கு 57: மராமத்துப் பார்ப்பதா, வேறு வீடு போவதா?

மாடிவீட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கேள்வி இங்கே புதிதில்லை. ஆனால் தேடிப் பார்த்த பழைய இழைகளில் பெரும்பாலும் முப்பது வயதுக்காரர்கள் கடன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் நிலைமை வேறு.

எனக்கு 57, மனைவிக்கு 54. சொந்த வீடு, கட்டி 31 ஆண்டாகிறது, கடன் முடிந்துவிட்டது. கீழே கூடம், சமையலறை, சாமான் போட்டு வைத்திருக்கும் ஒரு சின்ன அறை. படுக்கையறைகளும் ஒழுங்கான குளியலறையும் மேலே. பிள்ளைகள் இருவரும் வெளியே போய்விட்டார்கள், திரும்பி வந்து தங்குவார்கள் என்று தோன்றவில்லை. மேல் குளியலறைக்கு நேர் கீழே கூடத்து சீலிங்கில் ஓதம், பூச்சு பெயர்ந்து ஓரிடத்தில் கம்பி தெரிகிறது. வயரிங் பழசு. மாடிப்படி செங்குத்து.

ஒரு மேஸ்திரி வந்து, "ஒண்ணுமில்ல சார், பூசிப் பெயின்ட் அடிச்சா புதுசாயிடும்" என்றார். இன்னொருவர் "இடிச்சுக் கட்டிடுங்க" என்றார். வீட்டில் "இரண்டும் வேண்டாம், விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள இடத்தில் சின்னதாக ஒன்று பார்க்கலாம்" என்கிறாள். எனக்கு இந்த வீட்டை விட மனமில்லை. இந்த வயதில் இதே முடிவை எடுத்தவர்கள் எதை வைத்து எடுத்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

சும்மாபார்த்தேன்

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியும் நாலாவது கருத்துக்கு இங்கே வந்திருக்கிறீர்கள். துணிச்சல்காரர். முப்பத்து நாலு கருத்தோடு திரும்பிப் போவீர்கள்.

கரணை

சார், இரண்டு மேஸ்திரிகளும் கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். கம்பி தெரிகிற சீலிங்கை அப்படி முடிவு செய்யக் கூடாது. கட்டுமானத்திலிருந்து ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது சிமென்டின் காரத்தன்மையால். புதுக் காங்கிரீட்டின் பிஎச் 12-க்கு மேல் இருக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்னும். பிஎச் 9 வாக்கில் குறைந்த பகுதி கம்பி வரை போய்விட்டால், அப்புறம் ஈரம் பட்டால் போதும், துரு ஆரம்பித்துவிடும். துரு, தான் உண்டான இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். அந்த ஊதல்தான் காங்கிரீட்டைப் பிளந்து பூச்சைக் கீழே தள்ளுகிறது. மேலே பூசிப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஓரத்தில் கொஞ்சம் காங்கிரீட்டை உளியால் உடைத்து, தூசியைத் தட்டிவிட்டு, புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே சாமான்தான். காரம் இருக்கிற இடம் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். காரம் போன இடம் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். வெளி விளிம்பிலிருந்து சிவப்பு ஆரம்பிக்கும் இடம் வரை ஸ்கேல் வைத்து அளந்தால் எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி கணக்கு. இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். ஆழம் இரண்டு மடங்காக, காலம் நான்கு மடங்கு வேண்டும். உங்கள் கம்பிக்குக் கீழே 25 மி.மீ. காங்கிரீட் இருக்கிறது, 31 ஆண்டில் 15 மி.மீ. போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பியைத் தொட மொத்தம் 86 ஆண்டு ஆகும். கவலையே இல்லை. அதுவே 22 மி.மீ. போயிருந்தால் மொத்தம் 40 ஆண்டு, அதாவது கையில் மீதி 9. வெறும் 7 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலே மாறிவிடுகிறது. விரிசலோ தொடர்ந்த கசிவோ உள்ள இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சீக்கிரமே போய்விடும்.

அடித்து அளக்கும் சுத்தியல் ஒன்று கொண்டுவருவார்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1940களின் கடைசியில் உருவாக்கியது. நல்ல கருவிதான், ஆனால் மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும். காரம் போன காங்கிரீட்டின் மேல்பரப்பு சற்று இறுகிவிடுவதால் பழைய வீட்டில் அது உண்மையைவிட நல்ல எண்ணைக் காட்டக்கூடும். அந்த எண்ணை மட்டும் வைத்து "வீடு கல்லு மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். மேஸ்திரியை விட்டுவிட்டு, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். வேலையை எடுத்துச் செய்யப் போகிறவராக அவர் இருக்கக் கூடாது.

அந்த அறிக்கை கைக்கு வராமல் இந்த இழையில் வருகிற எந்தக் கருத்தையும், என்னுடையதையும் சேர்த்துத்தான், நம்ப வேண்டாம்.

நடைப்பயிற்சி

கரணை ஐயா வீட்டின் எலும்பைப் பார்த்துவிட்டார். குடியிருப்பவர்கள் எலும்பைப் பற்றி நான் சொல்கிறேன். பிசியோதெரபி என் தொழில்.

விழுவதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். மாடிப்படி என்றவுடன் எல்லோரும் ஏறும்போது வாங்குகிற மூச்சைப் பற்றியே பேசுகிறார்கள். ஆபத்து இறங்கும்போதுதான். படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறினாலும் கால் தடுமாறும், ஏனென்றால் முதல் இரண்டு மூன்று படியிலேயே கால் ஒரு அளவைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் படிகளை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள், முக்கியமாக முதல் படியையும் கடைசிப் படியையும். பின்னால் டைல்ஸ் போட்ட வீடுகளில் இந்த இரண்டும்தான் உயரம் மாறிப்போயிருக்கும்.

அடுத்தது வெளிச்சம். இதை யாரும் மராமத்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கண்மணி சுருங்குவதாலும் வில்லை மஞ்சளடிப்பதாலும், 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். வயரிங் மாற்றப் போகிறீர்கள் என்றால் படியின் இரு முனையிலும் சுவிட்சு, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தரையோரம் சின்ன விளக்கு, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் எடுப்பாகத் தெரிகிற நிறத்தில் ஒரு பட்டை. இதெல்லாம் செலவே இல்லை என்று சொல்லலாம்.

குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவுக்குப் பின்னால் கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை வெளியிலிருந்து தள்ளவே முடியாது. பிடிமானக் கம்பியை டைல்ஸ் ஒட்டிய பிறகு நினைத்துக்கொண்டு திருகாதீர்கள். ஆள் எடையைத் தாங்குகிற மாதிரி சுவரை முதலில் பலப்படுத்த வேண்டும். துண்டு போடுகிற கம்பி பிடிமானக் கம்பி ஆகாது, ஆனால் வழுக்கும்போது கை அதைத்தான் தேடும். ஆகவே அந்த இடத்தில் போடுவதையே தாங்கக்கூடியதாகப் போடுங்கள்.

உங்கள் வீட்டில் சொத்து என்றால் அந்தச் சாமான் அறைதான். கீழே ஒரு படுக்கையும் ஒரு குளியலறையும் வந்துவிட்டால் மாடியைப் பற்றிய கவலை முக்கால்வாசி போய்விடும். சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும், கதவின் திறப்பு 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இடம் போதுமா என்று டேப் வைத்துப் பாருங்கள். வாசல் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது பழகிய கணக்கு. வாசல் 45 செ.மீ. என்றால் 5.4 மீட்டர் நீளச் சாய்தளம். முன்பக்கம் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் திருப்பித்தான் போட வேண்டும்.

கணக்குப்பிள்ளை

இரண்டு பேரும் நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் வாலறுந்த கணக்கு. செலவு எங்கே?

மராமத்தில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். சுவரை உடைத்தால்தான் உள்ளே குழாய் எப்படி இருக்கிறதென்று தெரியும். எஸ்டிமேட்டுக்கு மேல் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு தனியாக ஒதுக்கி வைக்காமல் உளியை எடுக்காதீர்கள். விற்று வாங்குவதில் பூதம் வேறு வேஷத்தில் வரும்: தரகு, பதிவு, வரி, சாமான் ஏற்றி இறக்குவது, புது வீட்டில் பழைய அலமாரி பொருந்தாமல் புதிதாகச் செய்வது. அதோடு பொதுக் கட்டடம் என்றால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம். அது ஓய்வுக்குப் பிறகும் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். 57-இல் லேசாகத் தெரிகிற தொகை 77-இல் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

மராமத்துக்குப் போட்ட பணம் விற்கும்போது அப்படியே திரும்பி வரும் என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம். வாங்குகிறவர் உங்கள் சமையலறையை இடித்துவிட்டுத் தன் சமையலறையைக் கட்டுவார். கசிவு இல்லாத சீலிங்குக்கும் சரியான வயரிங்குக்கும் மட்டும்தான் எல்லோரும் மதிப்புக் கொடுப்பார்கள்.

ஊஞ்சல்

அண்ணா, நானும் என் கணவரும் 58-இல் வீடு மாறினவர்கள். பெரிய வீட்டிலிருந்து சின்ன வீடு. வருத்தம் இல்லை. ஆனால் மாறும்போது "இதுதான் கடைசி வீடு" என்று நினைத்துக்கொண்டு போனோம். அந்த நினைப்பு தேவையற்ற பாரம்.

முதுமையில் வீடு மாறுவதை ஆராய்ந்த யூஜின் லிட்வாக், சார்லஸ் லாஞ்சினோ இருவரும் 1987-இல் ஒரு பகுப்பைச் சொன்னார்கள். முதல் மாற்றம் ஓய்வையொட்டி, வசதிக்காகவும் விருப்பத்துக்காகவும். இரண்டாவது, அன்றாட வேலைகள் தடுமாற ஆரம்பிக்கும்போது பிள்ளைகளுக்குப் பக்கத்தில். மூன்றாவது, முழுநேரப் பராமரிப்புத் தேவைப்படும்போது. எல்லோருக்கும் மூன்றும் வரும் என்பதில்லை. ஆனால் 57 வயதில் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது முதலாவதைப் பற்றி. மூன்றாவதை மனதில் வைத்துக்கொண்டு முதலாவதற்கு வீடு தேடினால், இரண்டுக்கும் பொருந்தாத ஒன்றில்தான் போய் நிற்பீர்கள். நாங்கள் பார்த்த சில வீடுகள் ஆஸ்பத்திரி வார்டு போலிருந்தன. நடக்கத் தெம்பு இருக்கும்போது நடக்க நல்ல தெரு வேண்டாமா?

வீடு பார்க்கப் போனால் ஒரே வேளையில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். காலை, இரவு, ஒரு மழை நாள். இரவில்தான் மாடிக்காரர் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும்.

மூத்தமகள்

பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒன்று. என் அப்பா பத்து வருஷமாக "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே இருந்தார். பிறகு அம்மாவுக்கு மறதி வந்தது. அதற்குப் பிறகு வீடு மாறியதில் அம்மாவால் புது வீட்டின் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கற்றுக்கொள்ளவே முடியவில்லை. பழைய வீட்டில் இருட்டில்கூடத் தானே போய் வந்தவர். மாறுவதோ இருப்பதோ உங்கள் இஷ்டம். இருவருக்கும் புதிதாக ஒன்றைப் பழகிக்கொள்ளும் தெம்பு இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மாடிவீட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பொறியாளருக்குச் சொல்லியிருக்கிறேன். படிகளை அளந்தேன். நடைப்பயிற்சி சொன்னது சரி, கடைசிப் படி மற்றதைவிட நன்றாகவே குட்டை, பின்னால் டைல்ஸ் போட்டதால்தான்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கீழே அறை வந்து, கம்பி பிடித்து, விளக்கும் போட்டுவிட்டால், மாற வேண்டிய காரணமே இல்லாமல் போகிறதே? இதை வீட்டில் சொன்னால் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது.

சும்மாபார்த்தேன்

நின்றுவிடுகிறது என்றால் ஜெயித்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை சார்.

கீழ்த்தளம் (புதிய உறுப்பினர்)

வணக்கம். மேலே "வீட்டில்" என்று இவர் குறிப்பிட்டிருப்பது என்னைத்தான். இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கணக்குத் தொடங்கினேன்.

இவர் எழுதியதைப் படித்தால் நான் படிக்குப் பயப்படுகிறேன் என்றுதான் தோன்றும். எனக்குப் படி ஒரு பிரச்சினையே இல்லை, ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறேன் என்று நான் எண்ணுவதில்லை. யாரும் படுக்காத அறைகளைப் பெருக்கித் துடைப்பது நான். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் எழுந்து போவது நான். பிளம்பர் வருகிறேன் என்று சொன்ன நாளெல்லாம் வீட்டில் காத்திருப்பது நான். இவருக்கு இந்த வீடு வேலை முடிந்து வருகிற இடம், எனக்கு இதுதான் வேலை. இவர் ஓய்வு பெறப் போகிறார். எனக்கு எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

நீங்கள் சொல்கிற மராமத்து எல்லாம் சரிதான். ஆனால் எல்லாம் முடிந்த பிறகும் வீட்டின் பரப்பளவு அதேதான். இப்போது கீழே இன்னொரு குளியலறையும் சேரும், அதையும் நான்தான் கழுவுவேன்.

வீட்டின் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கரணை ஐயாவுக்கு ஒரு கேள்வி. மாடியைத் தனி வீடாகப் பிரித்து வாடகைக்கு விட முடியுமா, வாசல் வெளியிலிருந்து வருகிற மாதிரி?

கரணை

அம்மா, இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே இதுதான் உருப்படியானது. மாடிப்படி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் உள்பக்கம் அடைத்து வெளிப்பக்கம் வாசல் விடலாம். ஆனால் எந்தச் சுவர் தாங்குசுவர் என்று தெரியாமல் வாசலுக்கு உடைக்கக் கூடாது, மேலே லின்டல் கொடுத்துத்தான் உடைக்க வேண்டும். மின் மீட்டரும் தண்ணீர் இணைப்பும் தனியாக வேண்டும், உள்ளாட்சி அனுமதியும் பார்க்க வேண்டும். கசிகிற அந்தக் குளியலறை அப்புறம் வாடகைக்கு வருபவருடையது. நீர்க்காப்பு சரியாகச் செய்யாவிட்டால் ஒழுகுவது உங்கள் தலையில். நீர்க்காப்புப் போட்டவுடன் டைல்ஸ் ஒட்டவிடாதீர்கள். வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி குறைந்தது 24 மணி நேரம் நிறுத்தி, கீழே சீலிங்கில் ஈரம் தட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ்.

கணக்குப்பிள்ளை

அம்மா சொன்னதைப் படித்த பிறகு என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். நான் செலவை மட்டும் போட்டேன், உழைப்பை யார் தலையில் என்று பிரிக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று. வாடகைக்கு விடுவதும் ஒரு வேலைதான். குடியிருப்பவரின் பிளம்பருக்கும் நீங்கள்தான் காத்திருக்க வேண்டிவரும், "நீங்கள்" என்றால் யார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். இன்னொன்று: சீலிங்கைச் சுரண்டி, வயரிங் மாற்றும்போது எப்படியும் நீங்கள் அந்த வீட்டில் இருக்க முடியாது. தூசி ஒரு பக்கம், மின்சாரம் இல்லாதது ஒரு பக்கம். அந்த மாதங்களுக்கு எங்கேயாவது வாடகைக்குத் தங்கியே ஆக வேண்டும். அதை லிஃப்ட் வைத்த சின்ன வீடாகவே பாருங்கள். வாங்காமலே வாழ்ந்து பார்க்கலாம். சாரும் அங்கே இருந்து பார்க்கட்டும்.

ஊஞ்சல்

இது நல்ல யோசனை. போகும்போது எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் அக்கா. புது வீட்டில் கொள்ளும் அளவுக்கு மட்டும். மீதி எதை ஒருமுறைகூடத் தேடவில்லை என்று அங்கே இருக்கும்போதே தெரிந்துவிடும்.

நடைப்பயிற்சி

சுவர் உடைக்கிற அன்று ஆஸ்துமா உள்ளவர்கள் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம். பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு ஏதாவது இருந்தால் சுத்தியலால் உடைக்கவே கூடாது. அதிலிருந்து பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போனால் நோய் பல பத்தாண்டு கழித்துத்தான் தலைகாட்டும். நனைத்து, முழுசாகக் கழற்றத் தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள்.

மாடிவீட்டுக்காரன்

அறிக்கை வந்துவிட்டது. குளியலறைக்குக் கீழே உள்ள பகுதியில் கம்பி வரைக்கும் காரம் இல்லாமல் போய்விட்டது, சில கம்பிகள் மெலிந்திருக்கின்றன. மற்ற இடங்களில் 12 முதல் 14 மி.மீ. மட்டும். கம்பிக்குக் கீழே 25 மி.மீ. காங்கிரீட் இருக்கிறது. இடிக்கத் தேவையில்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். வெறும் பூச்சு போதாது என்பதும் எழுத்தில் இருக்கிறது. கெட்ட பகுதியைச் சுரண்டி, துருவை எடுத்து, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டுமாம்.

கீழ்த்தளத்தோடு உட்கார்ந்து பேசினேன். (இந்தப் பெயரை வீட்டிலும் விடமாட்டேன் என்கிறாள்.) இப்போதைக்கு விற்காமலும் இங்கேயே இருப்பது என்று முடிவு செய்யாமலும் இரண்டு வீட்டையும் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். சீலிங், நீர்க்காப்பு, வயரிங், படி விளக்கு: இருந்தாலும் விற்றாலும் தேவைப்படுகிறவை. இவற்றை மட்டும் செய்கிறோம். கீழ் அறை, மாடி வாசல், சமையலறை எதையும் தொடவில்லை. அந்த வேலை நடக்கும்வரை லிஃப்ட் உள்ள கட்டடத்தில் வாடகைக்கு. அங்கே பெருக்கித் துடைப்பதும் பிளம்பருக்குக் காத்திருப்பதும் என் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டாள்.

கரணை ஐயா, வயரிங்கையும் சீலிங்கையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கலாமா?

கரணை

வேண்டாம் சார். முதலில் மேலே நீர்க்காப்பு, தண்ணீர் கட்டிச் சோதனை. அது தேறின பிறகு கீழே முட்டுக் கொடுத்து சீலிங் வேலை. புதுப் பூச்சு போடுவதற்கு முன் வயரிங் குழாயைப் பதித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரீசியன் வந்து புதுப் பூச்சையே வெட்டுவார். எர்த் புதிதாகப் போடுங்கள், 30 மில்லியாம்பியர் கசிவுமின் துண்டிப்பான் இல்லாமல் போர்டை மூட விடாதீர்கள். சுரண்டி முடித்து, துரு எடுத்த கம்பிக்குப் பூச்சு அடிப்பதற்கு முன் பொறியாளரை ஒருதரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். மூடின பிறகு யாராலும் பார்க்க முடியாது.

கீழ்த்தளம்

குறித்துக்கொண்டேன் ஐயா. அன்றைக்கு வீட்டில் காத்திருக்கப் போவது இவர்.